காற்று வந்தால் விளக்கு மங்கலாமா?

ராமேசுவரம் கடற்கரையில் கச்சான் காற்று கிளம்பினால் ஆளையே தள்ளும். 1964-ம் ஆண்டு புயலில் அழிந்த தனுஷ்கோடியில் உயர்ந்த கம்பம் நட்டு, அந்தக் காற்றின் வேகத்தை அளந்தார்கள். தமிழ்நாட்டுக் கடலுக்குள் 500 மெகாவாட் காற்றாலை அமைக்கப் பண உதவி தர, 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய மந்திரி சபை சம்மதித்தது.

நல்ல காரியம்தான். ஆனால் மின்சாரம் உண்டானால் மட்டும் போதாது. "வோல்டேஜ்" நிலையாக நிற்க வேண்டும்.

"வோல்டேஜ்" என்பது என்ன? குழாயில் தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் போன்றது அது. குறைந்தால் விளக்கு மங்கும். ஐஸ் தொழிற்சாலை மோட்டார் சூடேறிக் கருகும். ஐஸ் இல்லாவிட்டால் மீனவர் பிடித்த மீன் என்னவாகும்?

பழைய மாதிரிக் காற்றாலைகளின் எந்திரங்கள், தங்களுக்கு வேண்டிய காந்த சக்தியை மின்கம்பியிலிருந்தே இழுக்கும். அதனால் அழுத்தம் தாழும். இதைத் தடுக்க "கெப்பாசிட்டர்" பொருத்துகிறார்கள். உடுமலைப்பேட்டை துணை மின் நிலையத்தில், நொடிப் பொழுதில் அழுத்தத்தைச் சரிசெய்யும் "ஸ்டாட்காம்" கருவி இருக்கிறது.

அழுத்தம் திடீரென்று விழுந்தால், காற்றாலைகள் உடனே கழன்றுகொள்ளக்கூடாது. எல்லாம் ஒரே சமயத்தில் கழன்றால் ஊரே இருளும். 15 சதவீதமாக விழுந்தாலும் 0.3 வினாடி தாங்கி நிற்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டு விதி செய்தார்கள்.

கடலில் காற்றாலை நடுமுன், கரையில் கம்பிகளும் கருவிகளும் தயாராகட்டும். பாய் விரிக்குமுன் சுக்கானைப் பார்ப்பவனே நல்ல மாலுமி!