ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க அலகு குத்தலாமா?

தைப்பூச விரதம் தொடங்கப் போற நேரம். காவடிப் பதிவு மேசையில உட்கார்ற தொண்டூழியர்கள் நாங்க, இந்த வருஷம் இதைச் சொல்லியே ஆகணும்.

இருதயத் துடிப்பு தாறுமாறா ஓடுறவங்களுக்கு இருதயத்துல ரத்தம் தேங்கிக் கட்டியாகும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு டாக்டர் சொல்வாங்க. கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். மத்தவங்களைவிட சுமார் 5 மடங்கு ஆபத்து. வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான் எல்லாம் அதைத் தடுக்கத்தான். வார்ஃபரினை ஒழுங்கா சாப்பிட்டா அந்தப் பக்கவாதத்துல மூணுல ரெண்டு பங்கு குறையும். பதிலுக்கு, மூளைக்குள்ள ரத்தம் கசியிற ஆபத்து கொஞ்சம் கூடும். பெரிய ஆய்வுகள்ல வார்ஃபரின் சாப்பிட்ட 100 பேர்ல வருஷத்துக்கு ஒருத்தருக்கும் குறைவு. புது மாத்திரைகள்ல அதுலயும் ஏறக்குறைய பாதிதான். பிரஷர் கட்டுப்பாட்டுல இல்லைன்னா, குடிப்பழக்கம் இருந்தா, கணக்கு மாறும்.

"அலகு குத்துறப்ப ரத்தம் வரக்கூடாதுன்னு ஒரு வாரமா மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று சிலர் பெருமையா சொல்றாங்க. சொட்டு ரத்தம் வராததை அருள் என்கிறோம், சரி. ஆனா புது மாத்திரையோட வேலை ஒண்ணு ரெண்டு நாள்லயே போயிடும். மீதி நாளெல்லாம் பாதுகாப்பே இல்லாம நடக்கிறீங்க.

இன்னும் சிலர் மாத்திரையும் சாப்பிடுவாங்க, யாருகிட்டயும் சொல்லாம காவடியும் எடுப்பாங்க. பசி, வெயில், தோள்ல பாரம், பத்துமலையில 272 படி. மயங்கி விழுந்து தலை மோதினா வெளியே காயமே தெரியாது. "ஒண்ணுமில்ல தம்பி, தண்ணி குடு" என்று எழுந்து நடப்பார். உள்ளே மெதுவா கசியும். தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் எல்லாம் சில மணி நேரம், சமயத்துல சில நாள் கழிச்சுத்தான் வரும். தலையில அடின்னா நல்லா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் வேணுமான்னு கேளுங்க.

எங்கள் கருத்து: இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அலகு வேண்டாம், பால்குடம் போதும். கோயில் நிர்வாகங்கள் பதிவு பாரத்துல இதுக்கு ஒரு கேள்வி சேர்க்கணும். "வேண்டுதல்ல கை வைக்கிறீங்களா?" என்று சண்டைக்கு வருவாங்க, தெரியும். பால்குடத்தை முருகன் வேண்டாம்னு சொன்னதா நாங்க கேள்விப்பட்டதில்லை. ஏற்கெனவே அலகு குத்துறதா நேர்ந்துகிட்டவங்க குருக்கள்கிட்ட பேசுங்க. மாத்திரையை நிறுத்தலாமா என்பது மட்டும் டாக்டர்கிட்டதான்.

விரதம் இருக்கிற வார்ஃபரின்காரங்களுக்கு ஒண்ணு. திடீர்னு தினமும் கீரையா சாப்பிட்டா மருந்தோட வேகம் குறையும். சாப்பாடே குறைஞ்சா வேகம் கூடும். பெரும்பாலானவங்களுக்கு ஐ.என்.ஆர் 2-லிருந்து 3-க்குள்ள நிக்கணும். மாலை போடுறதுக்கு முன்னாடியே கிளினிக்ல சொல்லிடுங்க. நடந்த கால்வலிக்குக் கடையில மாத்திரை வாங்கிப் போடாதீங்க, பல வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும்.

வர்றப்ப மருந்துப் பேரை ஒரு தாள்ல எழுதி, கூட வர்றவங்க கையில குடுங்க. முதலுதவிக் கூடாரத்துல நாங்க முதல்ல கேட்கிறது அதைத்தான்.