எங்கள் வீட்டு வாகனங்கள்



இலங்கையில் 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. அன்றிலிருந்து என் மகனுக்கு வேறு பேச்சே இல்லை. எந்த வாகனம், என்ன விலை, லீசிங் எத்தனை வருடம் என்று இராச் சாப்பாட்டிலும் அதே கணக்குத்தான். ஒரு நாள் கேட்டான்: "உம்மா, நம்மட குடும்பத்தில இதுவரைக்கும் எத்தனை வாகனம் இருந்திருக்கும்?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு வந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிக்கும்போது இரவு பத்தரை மணி.

நான் பிறந்து வளர்ந்தது ஊர்காவற்றுறையில். எதிரே காரைநகர், இடையில் கடல். அதைக் கடக்க 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவை இன்றைக்கும் ஓடுகிறது. தரை வழியாகப் போவதென்றால் வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி கடந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போகலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் குறிகட்டுவானில் படகேற வேண்டும். எங்கே போவதென்றாலும் கடலும் காற்றும் குறுக்கே நிற்கும் ஊர் அது.

முதல் வாகனம் வாப்பாவின் றலி சைக்கிள். கரியரில் புடவை மூட்டை கட்டி வேலணை, புங்குடுதீவு எல்லாம் போய் வியாபாரம் செய்தார். சோளகம் வீசும் மாதங்களில் பாலத்தில் ஏறி மிதிக்க முடியாது, இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மஃரிபுக்குப் பிறகு தெருமுனையில் டைனமோ வெளிச்சம் தெரிந்தால் உம்மா தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்.

இரண்டாவது ஒரு பழைய மொறிஸ் மைனர். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் பழைய கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். வாங்கிய வாரமே உம்மா பின் கண்ணாடிகளுக்குப் பூப்போட்ட துணியில் திரை தைத்துப் போட்டார். அந்தக் கார் வந்த பிறகுதான் உம்மா பண்ணைக் கடலைப் பகல் வெளிச்சத்தில் ஆற அமரப் பார்த்தாராம். தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், இரவு எந்த நேரமென்றாலும், எங்கள் வாசலில்தான் தட்டுவார்கள்.

மூன்றாவது நானாவின் ஹொண்டா 50. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தபோது ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் ஊருக்கு வந்தன. நானா ஆசையாக வாங்கி, ராத்தாவின் கல்யாணத்துக்காக விற்றுவிட்டார். அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. வடக்குக்கு எரிபொருள் வருவது நின்றது. ஓகஸ்டில் இராணுவம் தீவுப் பகுதிக்குள் வந்தபோது நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடினோம். மொறிஸில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. அதை வீட்டு முற்றத்திலேயே விட்டுவிட்டு, றலி சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தோம்.

அங்கும் இருக்க விடவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறச் சொன்னார்கள். நகை, பணம், வாகனம் எதையும் கொண்டுபோக விடவில்லை. புறப்படும் முன் வாப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த தமிழ்க் குடும்பத்தின் வாசலில் நிறுத்தினார். "அக்கா, இது அமானிதம். வந்து எடுப்பம்" என்றார். அந்த அக்கா வாய் திறக்க முடியாமல் அழுதுகொண்டு நின்றார்.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்க்கை தொடங்கியது. நான்காவது வாகனம் அங்கே வாங்கிய பழைய லுமாலா சைக்கிள். ஐந்தாவது நானா கடனுக்கு எடுத்த முச்சக்கர வண்டி, அதுதான் எங்களுக்கு அடுப்பெரித்தது. வாப்பா அதில் ஏறியது ஒரே ஒரு முறை, ஆஸ்பத்திரிக்கு. திரும்பி வரவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

2002இல் சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்தது. உம்மாவும் நானாவும் நானும் யாழ்ப்பாணம் போனோம். ஊர்காவற்றுறையில் வீடு இருந்த இடத்தில் சுவரும் கிணறும்தான் மிஞ்சியிருந்தன. காரைக் காணவில்லை. திரும்பும் வழியில் அந்த ஒழுங்கைக்குப் போனோம்.

அக்கா எங்களை அடையாளம் கண்டதும் முதலில் சொன்ன வார்த்தை: "தங்கச்சி, உங்களைக் கேக்காமல் சைக்கிளைப் பாவிச்சிட்டம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பிறகு கதையைச் சொன்னார். மின்சாரம் இல்லாத வருடங்களில் அந்தச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்களாம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, நாங்கள் போன அதே திகதியில், சரியாக ஐந்து வருடம் கழித்து, யாழ்ப்பாணத்தை விட்டுப் போகும்படி அவர்களுக்கும் உத்தரவு வந்தது. இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நடக்க முடியாத தன் மாமியாரை அக்கா அந்தச் சைக்கிள் கரியரில் இருத்தி, மழைக்குள் உருட்டிக்கொண்டு போனாராம். திரும்பி வரும்போதும் அதை விட்டுவிட்டு வரவில்லை.

உள்ளே போய்ச் சைக்கிளை எடுத்து வந்தார். பெயின்ற் போயிருந்தது. கரியரில் பலகை கட்டியிருந்தது. அதில்தான் அவருடைய மகள் ரியூசனுக்குப் போய்வருகிறாள். "எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார்.

உம்மா ஹேண்டிலைத் தடவிப் பார்த்தார். மணியை அடித்தார், சத்தம் வரவில்லை. பிறகு சொன்னார்: "இது இனி உங்கட. நான் ஹலாலாக்கிட்டேன்."

பஸ்ஸில் புத்தளம் வந்து சேரும்வரை உம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். கொடுத்தது மனதுக்கு இலேசாக இருந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். வாப்பாவின் கைபட்ட பொருள் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

ஆறாவது வாகனம் என்னுடைய ஸ்கூட்டி. 2008இல், நாற்பது வயதுக்கு மேல், விழுந்தெழும்பிப் பழகினேன். "இந்த வயசில இது தேவையா?" என்று கேட்டவர்களே 2022 எரிபொருள் நெருக்கடியில், கிழமைக்கு நாலு லீற்றர் பெட்ரோல் கிடைத்த நாட்களில், மருந்து வாங்க என்னைக் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்று களைத்தபோது நானும் சைக்கிளுக்கே திரும்பினேன். சகோதரிகளே, சைக்கிளோ ஸ்கூட்டியோ, ஒன்றையாவது ஓட்டப் பழகி வையுங்கள். ஓடவேண்டிய நாள் சொல்லிவிட்டு வருவதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகன், "அப்ப காரையும் உம்மம்மா ஹலாலாக்கினாவா?" என்றான்.

இதே கேள்வியை நானும் ஒரு நாள் உம்மாவிடம் கேட்டிருந்தேன். உம்மா மௌத்தாவதற்கு முந்தின வருடம் அது. "சைக்கிளுக்கு அந்தப் பிள்ளை வாய் திறந்து மன்னிப்புக் கேட்டா, குடுத்தன்" என்றார். "காருக்கும் வீட்டுக்கும் ஆரும் வந்து கேட்கல்லயே. கேட்காதவங்களுக்கு எப்படி மகள் ஹலாலாக்கிறது?"

மகன் எதுவும் சொல்லவில்லை. லீசிங் கணக்கு எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினான். வாங்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொன்னேன்: "எதை வாங்கினாலும், ராவையில ஆராவது வந்து கதவைத் தட்டினா எடுத்துக்கொண்டு போறதுக்கு வாங்கு."