ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா?

நாமக்கல்லில் லோடு ஏற்றிக் கிளம்பும் டிரைவருக்கு டீசல், டோல், தூக்கம் என ஆயிரம் கவலை. குடல் அழற்சி நோய் வந்துவிட்டால் அத்தனையும் பின்னுக்குப் போய், 'அடுத்த கழிப்பறை எங்கே?' என்ற கேள்விதான் முன்னால் நிற்கும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, வலியோடு, ரத்தத்தோடு. வீட்டில் சொல்லக் கூச்சம். சொன்னால், 'உடம்புச் சூடு' என்று இளநீர் வரும். சுவர் விளம்பரத்தைப் பார்த்து மூலத்துக்கு மருந்து சாப்பிட்டே மாதங்களைத் தொலைப்பவர்களும் உண்டு.

இது மூலம் இல்லை. நோய் எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலையே தாக்குவதால் வரும் புண். பெருங்குடலோடு நின்றால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரக்கூடியது க்ரோன்ஸ். நம் நாட்டில் குடல் காசநோயும் க்ரோன்ஸ் மாதிரியே தெரியும். டாக்டர் கொலனோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பணம் பிடுங்குகிறார்கள் என்று சட்டென முடிவு கட்டிவிட வேண்டாம்.

வீட்டில் முதலில் எழும் பயம், 'ஒட்டிக்குமா?' ஒட்டாது. தனித்தட்டு, தனி டம்ளர் எதுவும் தேவையில்லை. அடுத்த பயம், 'கேன்சரா?' இல்லை. ஆனால், பெருங்குடலில் பரவலாகப் பல வருடம் இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு கூடும். அதனால், சுமார் 8 வருடங்களுக்குப் பிறகு அவ்வப்போது கொலனோஸ்கோப்பி பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். முட்டை ஊரிலேயே முட்டையை நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. பாவம் முட்டை! அதனால் இந்த நோய் வருவதில்லை. ஒத்துக்கொள்பவர்களுக்கு அது நல்ல புரதம்.

பெரிய சிக்கல் கல்யாணப் பேச்சில்தான். மறைத்துக் கட்டிக்கொடுத்தால், புகுந்த வீட்டில் அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் எப்படி மாத்திரை போடுவாள்? போடாமல் விடுவாள், நோய் திரும்பும். நோய் அடங்கியிருக்கும் நேரத்தில் பெரும்பாலானோர் நல்லபடியாகக் குழந்தை பெறுகிறார்கள். மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மருந்துகளை மட்டும் கர்ப்பத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே மாற்ற வேண்டும். மெசலமைன் பொதுவாகத் தொடரலாம். எதுவானாலும் டாக்டரிடம் கேட்ட பிறகுதான்.

ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேக்குப் பதின்பருவத்திலிருந்தே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். 2007-ல் அந்த உடல்நிலையோடுதான் பதவி விலகினார். மருந்து கைகொடுக்க, 2012-ல் மறுபடி பிரதமராகி ஏழரை வருடத்துக்கும் மேல் இருந்தார். 2020-ல் நோய் திரும்பியதும் மீண்டும் விலகினார். அடங்கும், திரும்பவும் வரும். அடங்கியிருக்கும் காலத்தை நீட்டித் தருவது மாத்திரைதான். ரத்தம் நின்ற மாதமே 'சரியாப் போச்சு' என்று நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து. முதுகு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் நோயைக் கிளப்பிவிடலாம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மனைவியோ அம்மாவோ வெளியே பெஞ்சில் உட்காராமல் கூடவே உள்ளே போகட்டும். ஆறு தடவைக்கு மேல் ரத்தத்தோடு போவது, காய்ச்சல், வயிறு உப்பி வலிப்பது என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.