ஒழுகும் மூக்கு: யார் குற்றவாளி?

பெங்களூரில் குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் பழி பார்த்தீனியத்தின் மேல் விழும். காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கும் அந்தச் செடியின் மகரந்தம் அலர்ஜியைக் கிளப்புவது உண்மைதான். ஆனால் ஒழுகும் மூக்கெல்லாம் அலர்ஜி அல்ல. சளி மஞ்சளானதுமே 'சைனஸ்' என்று டாக்டரிடம் ஆன்டிபயாடிக் கேட்டு அடம்பிடிப்பதும் தவறு. சாதாரண ஜலதோஷத்திலும் சில நாளில் சளி கெட்டியாகி நிறம் மாறும், தானாகவே சரியாகும்.

அலர்ஜியின் அடையாளம் அரிப்பு. அடுக்குத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, ஓயாமல் கசக்கும் கண். காய்ச்சல் இருக்காது. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்தே அதன் குறுக்கே கோடு விழுந்த குழந்தைகள் உண்டு. 'அலர்ஜி சல்யூட்' என்று டாக்டர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு மகரந்த அலர்ஜி வருவது அபூர்வம்.

சைனஸ் தொற்றைக் காட்டிக்கொடுப்பது காலண்டர். சளியும் பகல் இருமலும் 10 நாள் தாண்டியும் குறையாமல் இருப்பது. தேறி வரும் குழந்தைக்கு மறுபடி காய்ச்சல் அடிப்பது. 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் கெட்டிச் சளியும் 3 நாள் விடாமல் படுத்துவது. இவற்றில் ஒன்று போதும், டாக்டரிடம் போக. எக்ஸ்ரே அதிகம் உதவாது. வெறும் ஜலதோஷத்திலும் சைனஸ் மங்கலாகத்தான் தெரியும். கண்ணைச் சுற்றி வீங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

ஒரே நாசியில் மட்டும் நாற்றச் சளியா? பெரும்பாலும் உள்ளே ஒரு பட்டாணி உட்கார்ந்திருக்கும். ஊக்கால் தோண்டாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் விட்டுவிடலாம்.