பத்துக் குஞ்சும் நூறு சொட்டு மருந்தும்

தங்கவயலில் எந்த லைனுக்குள் நுழைந்தாலும், சிவப்பும் பச்சையுமாகச் சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளைக் கூடையில் விற்பவரைப் பிள்ளைகள் சூழ்ந்து நிற்பதைக் காணலாம். அழுகிற பிள்ளைக்காக ஐந்தாறு வாங்குகிறோம். ஒரு வாரத்தில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. "நமக்குக் கோழி ராசியில்லை" என்று விட்டுவிடுகிறோம். இது ராசியின் குற்றமா?

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் குடும்பங்கள் இங்கே ஏராளம். வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்குப் பத்துக் கோழி என்பது விளையாட்டல்ல. பிள்ளைகளுக்கு முட்டை; அவசரத்துக்கு நாலு காசு. ஆகவே முறையாகச் செய்ய வேண்டும்.

சாயக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக் கோழி இனத்தின் சேவல்கள். பண்ணைகள் வேண்டாமென்று கழித்தவை. அவற்றிடம் முட்டையை எதிர்பார்ப்பது வீண். பெங்களூர் ஹெப்பாளில் உருவான கிரிராஜா போன்ற இனங்கள் நம் கொல்லைக்கு ஏற்றவை. ஆனால் எந்திரத்தில் பொரித்த குஞ்சுக்குத் தாயின் சிறகு கிடையாது. நாம்தான் அந்தச் சூட்டைத் தர வேண்டும்.

முதல் வாரம் 35 டிகிரி சூடு தேவை. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். உமி பரப்பி, தகரத்தையோ அட்டையையோ வட்டமாக வளைத்து வைத்து, நடுவில் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டால் போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. மூலையிருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். அதனால்தான் வட்டம். பல்பின் கீழ் குவிந்தால் குளிர். வாயைத் திறந்துகொண்டு விலகினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி.

இதையெல்லாம் செய்தும் என் வீட்டில் முதல் தடவை எட்டுக் குஞ்சுகளும் போயின. இரண்டு மாதம் வளர்ந்தபின் வெள்ளைக் கழிச்சல் வந்து மூன்றே நாளில் கூண்டு காலி. தடுப்பு மருந்து போடாததுதான் காரணம். எட்டுக் குஞ்சுக்காக நூறு குஞ்சுக்கான குப்பியை உடைப்பானேன் என்று இருந்துவிட்டேன். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மீந்ததை நாளைக்கு வைக்க முடியாது. கொல்லையில் வளர்ப்பவர்களின் உண்மையான சங்கடம் இதுதான்.

வழி நம் லைனிலேயே இருக்கிறது. பத்து வீடுகள் ஒரே நாளில் பத்துப் பத்துக் குஞ்சுகள் வாங்கட்டும். ஏழாம் நாளுக்குள் ஒரே குப்பியை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, கண்ணில் ஒரு சொட்டு விடட்டும். நான்காம் வாரம் மீண்டும் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. செலவைப் பகிர்ந்தால் யாருக்கும் பாரமில்லை. பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் வந்தால் நம் வீட்டுக் கோழியும் தப்பாது என்பதையும் நினைக்க வேண்டும்.

கால்நடைத் துறையும் மாதம் ஒரு நாளைக் குறித்து, ஒவ்வொரு லைனுக்கும் வந்து மருந்து போட்டால் பெரிய உதவியாக இருக்கும். கேட்டுப் பெறுவது நம் கடமை.

ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி ஒன்றாக மேலே ஏறியவர்களின் பிள்ளைகள் நாம். ஒரு மருந்துக் குப்பிக்காக ஒன்று சேர முடியாதா?