உறைந்த மதுவும் உபசாரமும்

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் உணவகம் நடத்திய மரியானோ மார்டினெஸ், 1971-இல் ஐஸ்கிரீம் வார்க்கும் பழைய யந்திரம் ஒன்றை மார்கரீட்டா என்னும் பானத்துக்காகத் திருத்தியமைத்தபோது, அது பிற்காலத்தில் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் ஸ்தானம் பெறும் என்று சொப்பனத்திலும் நினைத்திருக்க மாட்டார். அந்த மார்க்கத்திலேயே, ரோஸே என்னும் இளஞ்சிவப்புத் திராட்சை மதுவை உறையவைத்துக் கடைந்து தரும் வழக்கமும் 2016-ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கில் பிரசித்தமாகி, இன்று அந்நாட்டு இல்லங்களின் விருந்துகளிலும் புகுந்துவிட்டது.

இதை வீட்டில் செய்ய முற்படுவோர் பலர், பனிக்கட்டியை மதுவோடு சேர்த்து அரைத்து, அதன் சுவையையும் வாசனையையும் நீர்த்துப்போகச் செய்துவிடுகிறார்கள் என்பதே என் ஆட்சேபம். மதுவையே அகன்ற தட்டில் ஊற்றி முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைப்பதுதான் உசிதம். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மதுசாரம் கலந்திருப்பதால், அது நீரைப்போலப் பூஜ்யத்தில் உறையாமல் மைனஸ் 5 டிகிரி அளவில்தான் உறையத் தொடங்கி, ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் கல்லாகாமல் கரண்டிக்கு இணங்கும் பதத்திலேயே நிற்கும். குளிர்ச்சி நாவின் இனிப்புணர்வை மந்தப்படுத்துவதால், ஸ்ட்ராபெரி ஊறிய சர்க்கரைப் பாகைச் சற்றுத் தாராளமாகவே சேர்க்கவேண்டும். எலுமிச்சைச் சாறும் கொஞ்சம். விலையுயர்ந்த மதுவை இதற்குப் பலியிடுவது, சொல்லப்போனால், ஊதாரித்தனம்.

அதே குளிர்ச்சி மதுவின் காரத்தையும் மறைத்துப் பழரசம் என்ற பிரமையை உண்டாக்குவதால், விருந்தளிப்போர் கோப்பையைச் சிறிதாக்கி, மது அருந்தாதவர்களுக்கும் வாகனம் ஓட்டிச் செல்பவர்களுக்கும் அதே சிரத்தையோடு மது கலவாத பானமொன்றைத் தயாரித்து வைக்கவேண்டும்.