நூலுக்குத் தீர்ப்பளிப்போர் யாவர்?

சாட்சிக் கூண்டில் ஏறியவன் தான் கண்டதைச் சொல்லவேண்டும். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லலாகாது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், வாய்மொழிச் சான்று எதுவும் நேரடியானதாய் இருத்தல் வேண்டுமெனத் தனது 60ஆம் பிரிவில் விதித்துள்ளது. இரண்டு பரப்புக் காணியின் எல்லை வேலிக்காக வழக்காடும்போது இத்துணைக் கண்டிப்புக் காட்டும் நாம், ஓர் ஆசிரியன் பல்லாண்டு உழைத்து எழுதிய நூலுக்குத் தீர்ப்புக் கூறும் வேளையில் எத்துணைக் கண்டிப்புக் காட்டுகின்றோம்?

இன்று நூல்களைப் பற்றிய தீர்ப்பு இணையத்திலேயே வழங்கப்படுகின்றது. வாசகர்கள் ஆங்கு ஒன்றுகூடி, தாம் வாசித்தவற்றை ஒருவருக்கொருவர் எடுத்துரைக்கின்றனர்; ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடுகின்றனர். இதனை யான் பழிக்க வரவில்லை. எமது கிராமத்து வாசிகசாலைகளில் மாலைதோறும் நடந்ததும் இதுவேயன்றோ? தோட்டத்திற்கு இறைத்துவிட்டு வந்தவரும், கந்தோரால் வந்தவரும் ஒரே வாங்கில் இருந்து, ஒரு கதையை இன்னின்ன காரணத்தால் வாசிக்கத் தக்கது என்றும் தகாதது என்றும் வாதாடினர். 1933இல் கே. எம். செல்லப்பா அவர்கள் தமது இல்லத்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சியே பின்னர் யாழ்ப்பாணப் பொது நூலகமாய் வளர்ந்தது. ஒருவர் வாசித்ததை மற்றவர் கையிற் கொடுக்கும் பழக்கம் எமக்குப் புதிதன்று.

எனினும் வாசிகசாலை வாங்கு ஊராருக்குச் சொந்தமாயிருந்தது. இணையத்து வாங்கு யாருக்குச் சொந்தம்?

வாசகர் கூடும் தளங்களுள் மிகப் பெரியதாகிய குட்ரீட்ஸ் 2007இல் தொடங்கப்பெற்றது. 2013இல் அதனை அமேசான் கொம்பனி விலைக்கு வாங்கிற்று. உலகில் நூல் விற்போருள் முதன்மையானவர் எவரோ, அவரே நூலுக்குத் தீர்ப்பளிக்கும் மன்றின் உரிமையாளருமாயினார்! ஷெல்ஃபாரி என்னும் பிறிதொரு தளமும் 2008இல் அக்கொம்பனியின் கைக்குச் சென்று, 2016இல் மூடப்பெற்றது. தன் வழக்கில் தானே நீதிபதியாய் இருத்தலாகாது என்பது சட்டக் கல்லூரியில் முதலாண்டு மாணவனும் அறிந்த விதி.

2013ஆம் ஆண்டு செப்டம்பரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். நூலை விடுத்து ஆசிரியரின் நடத்தையைப் பற்றிப் பேசும் மதிப்புரைகளை நீக்குவதென அத்தளம் முடிவுசெய்தது. முடிவு ஒருகால் நியாயமானதாகலாம். ஆனால் எழுதியவருக்கு முன்னறிவித்தல் இல்லை, விளக்கம் கேட்கப்படவில்லை. வாசகர்கள் கொதித்தெழுந்த பின்னரே, அறிவியாது நீக்கியமைக்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. மதிப்புரையின் பதிப்புரிமை எழுதியவருக்கே உரியதுதான். எமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் எழுதியவனுக்கே அவ்வுரிமையை அளிக்கின்றது. ஆயினும் உரிமை இருப்பது வேறு. எழுதியது இருக்குமிடத்தில் இருப்பது வேறு. வீட்டு உறுதி உம் கையில் இருந்தும் திறப்பு மற்றவன் கையில் இருப்பின் என்ன பயன்?

குற்றம் கொம்பனியின் பக்கம் மட்டுமே உளதென்று கூறி வாசகரை விடுவிக்க யான் ஆயத்தமாயில்லை. 2023 யூன் மாதத்தில், எலிசபெத் கில்பர்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் நாவலொன்று வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்னரே, நூற்றுக்கணக்கானோர் அதற்கு ஒற்றை நட்சத்திரம் இட்டனர். கதை சைபீரியாவில் நிகழ்வது என்பதே காரணம். அவர் வெளியீட்டை நிறுத்தினார். போரிற் சிக்கிய உக்ரேன் மக்களின் துயரை யாம் அறியாதவரல்லேம்; அத்துயரை எடுத்துரைக்க அவர்களுக்குப் பூரண உரிமையுண்டு. ஆனால் எவரும் ஒரு வரிதானும் வாசியாத நூலுக்கு இட்ட நட்சத்திரம் மதிப்புரையாகாது. அது கண்டனம்; கண்டனத்திற்கு மேடை வேறு. அதே ஆண்டின் இறுதியில், புதுமுக எழுத்தாளர் ஒருவர் பொய்ப் பெயர்களில் புகுந்து ஏனைய எழுத்தாளரின் நூல்களைத் தாழ்த்தியும் தமது நூலை உயர்த்தியும் எழுதியமை அம்பலமாகி, அவரது பதிப்பாளர் அந்நூலையே கைவிட்டார்.

எம்மிடையேயோ குறை மறுபக்கத்தில் உள்ளது. பழிப்பதன்று, வாசியாது புகழ்வதே எமது நோய். நூல் வெளியீட்டு விழாவில் ஆசியுரை, வாழ்த்துரை, நயப்புரை என வரிசையாய்ப் பேசுவோருள் நூலை முழுதும் வாசித்தவர் எத்தனை பேர்? அம்மேடைப் பழக்கமே இன்று முகநூலிலும் குடியேறியுள்ளது. யானும் இதற்குப் புறம்பானவனல்லேன். நண்பர் ஒருவரின் நாவலுக்கு, முன்னுரையை மட்டும் வாசித்துவிட்டு, ஐந்து நட்சத்திரமும் நான்கு வரிப் புகழுரையும் இட்டவன் யான். ஒரு கிழமை கழித்து, கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் அதன் கீழ் எழுதினார்: "ஐயா, 112ஆம் பக்கத்தில் ஐப்பசி மாதம் காலபோக நெல் வெட்டுகிறார்கள். ஐப்பசியில் நாங்கள் விதைத்துக்கொண்டிருப்போம். தாங்கள் இதைக் கவனிக்கவில்லையா?" கவனிப்பதாவது! பக்கத்தைப் புரட்டியிருந்தாலன்றோ கவனிப்பதற்கு? அவர் அத்தோடு நிறுத்தவில்லை. கடன்பட்டு உழவு இயந்திரம் வாங்கியவனின் கதை வரும் அதிகாரம் தமது வீட்டுக் கதையாகவே இருந்ததென்றும், அதற்காகவே நூலை இருமுறை வாசித்ததாகவும் எழுதியிருந்தார். அந்நூலுக்குக் கிடைத்த ஒரே மெய்யான மதிப்புரை அதுவே. யான் எனது நட்சத்திரங்களை அகற்றிவிட்டு, அன்றிரவே நூலை முதற் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

இது அற்ப விடயமென்று எண்ணுவோர் ஒன்றை நோக்குக. கல்கியின் பொன்னியின் செல்வனுக்கு ஆயிரக்கணக்கானோர் நட்சத்திரம் இட்டுள்ளனர். பொய்யர் பத்துப் பேர் புகுந்தாலும் அதற்குச் சேதமில்லை. எம் நாட்டில் பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அச்சாகும் நூலின் நிலை அதுவன்று. நாலைந்து பேரின் சொல்லே அதற்கு வாழ்வும் சாவும்.

1981 யூன் முதலாந் திகதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பிரதியே இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. ஏனைய நூல்களுக்கு எங்கேனும் மறுபிரதி கிடைக்கலாம். அவற்றை வாசித்த எம் முன்னோர் யாது எண்ணினர் என்பதற்கு மறுபிரதி எங்கும் கிடையாது. அது எழுதப்படவேயில்லை. இன்று எழுதப்படுகின்றது, ஆனால் பிறர் வீட்டுச் சுவரில் எழுதப்படுகின்றது.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் எமது நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் இலட்சத்துக்கும் மேலாகத் திரட்டி, எவரும் இலவசமாய் வாசிக்க வைத்துள்ளது. வாசகர் கருத்தையும் அவ்வாறே பேணுதல் இயலாத காரியமா? ஒவ்வொரு வாசிகசாலையிலும் ஒரு கொப்பி தொங்கட்டும். நூலின் பெயர், எழுதுபவரின் பெயர், எத்தனையாம் பக்கம் வரை வாசித்தார் என்பவற்றைக் குறித்து, கருத்து எதுவாயினும் அவரே தம் கையால் எழுதட்டும். மாதமொருமுறை அவ்வூர் உயர்தர வகுப்பு மாணவர் அதனைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றலாம்; ஒரு பிரதி வாசிகசாலையிலேயே இருக்கவேண்டும். குட்ரீட்ஸில் எழுதிவருவோர் அதைக் கைவிட வேண்டியதில்லை. தாம் எழுதியவற்றைத் தம் கணினிக்கு இறக்கி எடுக்கும் வசதி அங்குண்டு. அதனை ஆண்டுக்கொருமுறையேனும் செய்க.

எனது ஊர் வாசிகசாலையில் சென்ற மாதம் கொப்பி வைத்தாயிற்று. இதுவரை ஏழு பேர் எழுதியுள்ளனர். அவருள் இருவர் ஒரே நூலைப் பற்றி நேர்மாறாக எழுதி, மூன்றாமவர் எவரேனும் அதனை வாசித்துத் தீர்ப்புக் கூறவேண்டுமெனக் கேட்டிருக்கின்றனர். நூல் இப்பொழுது என் மேசையில் இருக்கின்றது.